ஒரே சேனல் காலத்துக்கு ஒரு கோடைப் பயணம்: பழைய டிவி, கேசட், மொட்டை மாடி சினிமா – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி விடுமுறையில் நான்கைந்து வாரம் பழைய டிவி, பழைய பாட்டு, பழைய சினிமா என்று குடும்பத்தோடு கழிக்க நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. யூடியூபில் தேடி வரிசையாகப் போட்டுப் பார்ப்பதற்குத் திட்டம் எதுவும் தேவையில்லை. அன்றைய கருவிகளையும் அன்றைய நேர ஒழுங்கையும் கொஞ்சமாவது திரும்பக் கொண்டுவர விரும்புகிறவர்களுக்குத்தான் இந்தப் பதில்கள்.

எந்தக் காலத்தைத் தேர்ந்தெடுப்பது?

எல்லாப் பத்தாண்டுகளையும் கலந்து போட்டால் எதுவும் மனதில் நிற்காது. ஒரு காலத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுக்கு இயல்பாகவே ஒரு எல்லை இருக்கிறது. சென்னைத் தூர்தர்ஷன் நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. சன் டிவி 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று வந்தது. இடைப்பட்ட சுமார் 18 ஆண்டுகள்தான் ஊரே ஒரே நிகழ்ச்சியை ஒரே நேரத்தில் பார்த்த காலம். டேப் ரிக்கார்டர், வாடகை வீடியோ டெக், ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த டூ இன் ஒன் எல்லாம் வீட்டுக்குள் வந்ததும் அப்போதுதான். இளையராஜாவின் முதல் படம் வெளியானது 1976-ல், ரஹ்மானின் முதல் படம் 1992-ல். ஆகவே பாட்டுக்கும் இதே எல்லை பொருந்துகிறது.

வீட்டில் இசைத்தட்டுகள்தான் நிறைய இருக்கின்றன என்றால் 1960-களுக்குப் போங்கள். விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் சேர்ந்து இசையமைத்தது 1965 வரைதான். அந்தச் சில வருடங்களுக்குள்ளேயே ஒரு கோடைக்குப் போதுமான பாட்டு கிடைக்கும். எந்தக் கருவி கையில் இருக்கிறதோ அதை வைத்துக் காலத்தை முடிவு செய்வதே நல்லது. காலத்தை முடிவு செய்துவிட்டுக் கருவி தேடி அலைந்தால் கோடையே முடிந்துவிடும்.

எவ்வளவு நாள் முன்பே தொடங்க வேண்டும்?

மார்ச் கடைசியில். மே முதல் தேதி பரணிலிருந்து டேப் ரிக்கார்டரை இறக்கிப் பிளக்கைச் செருகினால் அநேகமாக ஓடாது. பெல்ட் இளகியிருக்கும், ரப்பர் உருளை கெட்டித்திருக்கும், பேட்டரிப் பெட்டியில் பச்சை பூத்திருக்கும். முதல் வாரம் உறவினர் வீடுகளில் என்ன இருக்கிறது என்று கேட்டு எடுத்து வையுங்கள். அடுத்த இரண்டு வாரம் மெக்கானிக்குக்கும் உதிரி பாகத்துக்கும். அதற்கடுத்த இரண்டு வாரம் மதிப்புள்ள கேசட்டுகளை டிஜிட்டலாகப் பதிவு செய்ய. கல்யாண வீடியோ, தாத்தாவின் குரல் பதிந்த கேசட் போன்றவற்றை முதல்முறை ஓட்டும்போதே பதிவும் செய்துவிட வேண்டும். முப்பது வருடம் சும்மா கிடந்த நாடா இரண்டாவது முறையும் ஓடும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

வார அட்டவணை எப்படி அமைப்பது?

தூர்தர்ஷன் வாரத்தின் முதுகெலும்பு மூன்று நாட்கள்: செவ்வாய் நாடகம், வெள்ளி சினிமாப் பாட்டு நிகழ்ச்சியான 'ஒளியும் ஒலியும்', ஞாயிறு மாலைப் படம். இந்த மூன்றை அப்படியே வைத்துக்கொண்டு மற்ற நாட்களில் பாட்டும் ரேடியோவும் கேட்டால் போதும். ஞாயிறு காலை 9:30 மணியையும் விட்டுவிடாதீர்கள். 1987 ஜனவரியில் தொடங்கிய இந்தி 'ராமாயண'த்துக்காகத் தெருக்கள் வெறிச்சோடிய நேரம் அது.

மூன்று விதிகளை நாங்கள் வலியுறுத்துவோம். முதலாவது, நிறுத்தி வைத்துப் பார்க்கக் கூடாது. நேரத்துக்கு வராதவர்களுக்குப் போனது போனதுதான். இரண்டாவது, வெள்ளிக்கிழமைக்கு அரை மணி நேரம்தான். ஐந்தாறு பாட்டோடு முடித்துவிடுங்கள். 'இன்னும் ஒன்று' என்று குழந்தைகள் கேட்டால் அடுத்த வெள்ளி என்று சொல்லுங்கள். மூன்றாவது, என்ன பாட்டு வரப்போகிறது என்பது ஒருவருக்கு மட்டும்தான் தெரிந்திருக்க வேண்டும். அன்று நமக்குப் பிடித்த நடிகர் பாட்டு வருமா வராதா என்ற தவிப்பில்தான் பாதிச் சுவை இருந்தது. பட்டியலை முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டால் அந்தத் தவிப்பு காணாமல் போய்விடும்.

ஒரு அட்டையில் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்று எழுதித் தயாராக வைத்திருங்கள். எப்படியும் தேவைப்படும்.

பழைய தூர்தர்ஷன் நிகழ்ச்சிகள் எங்கே கிடைக்கும்?

பிரசார் பாரதியின் ஆவணக் காப்பகம் யூடியூபில் தனிச் சேனல் வைத்திருக்கிறது. பழைய தொடர்களும் இசைக் கச்சேரிகளும் பேட்டிகளும் அங்கே கிடைக்கின்றன. சென்னை நிலையம் பிறகு 'பொதிகை' ஆனது, 2024 ஜனவரியிலிருந்து 'டிடி தமிழ்' என்ற பெயரில் ஒளிபரப்பாகிறது. பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும் போட்டுத் தேடுங்கள். ஷங்கர் நாக் இயக்கிய 'மால்குடி டேஸ்' போன்ற தொடர்களின் ஒரு பகுதி அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் என்பதால் வேலைநாள் இரவுகளுக்குத் தோதானவை.

'ஒளியும் ஒலியும்' ஒளிபரப்பானபடியே முழுதாகக் கிடைப்பது அரிது. பாடல் காட்சிகளைத் தேர்ந்தெடுத்து நீங்களே தொகுத்துக்கொள்ள வேண்டியதுதான். தொகுக்கும்போது ஒரு கறுப்பு வெள்ளைப் பாட்டு, ஒரு சோகப் பாட்டு, யாரும் கேட்டிராத ஒரு பாட்டு என்று மூன்றையாவது சேருங்கள். ஐந்தும் சூப்பர் ஹிட்டாக இருந்தால் அது அந்த நிகழ்ச்சி போலவே இருக்காது.

பழைய டப்பா டிவியிலேயே பார்க்க முடியுமா? ஆன்டெனா வைத்தால் ஏதாவது வருமா?

பார்க்கலாம். ஆனால் ஆன்டெனாவை நம்ப வேண்டாம். தூர்தர்ஷனின் பழைய அனலாக் தரைவழி ஒளிபரப்பு நின்றுவிட்டது. வெளியிலிருந்துதான் படத்தைக் கொடுக்க வேண்டும்.

பல வருடம் மூடிக் கிடந்த டிவியை நேரடியாக மின்சாரத்தில் செருகாதீர்கள். உள்ளே தூசியும் ஈரமும் சேர்ந்திருக்கும், கெப்பாசிட்டர்கள் காய்ந்திருக்கும். பழைய டிவி மெக்கானிக்கிடம் கொடுத்து, 60 அல்லது 100 வாட் குண்டு பல்பைத் தொடர் இணைப்பில் வைத்து முதலில் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், டிவி தப்பிக்கும். பின்மூடியை நீங்கள் கழற்றவே கூடாது. கலர் படக்குழாயில் 20,000 வோல்ட்டுக்கு மேல் ஏறும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த மின்னேற்றம் குழாயில் தங்கியிருக்கும்.

டிவி சரியாக இருந்தால் இணைப்பு எளிது. பின்புறம் மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகள் இருக்கும் டிவிக்கு எச்.டி.எம்.ஐ.யிலிருந்து ஏ.வி.க்கு மாற்றும் சின்னப் பெட்டி ஒன்று போதும். அதன் பக்கத்தில் பால் (PAL) – என்.டி.எஸ்.சி. (NTSC) என்று இரண்டு ஒளிபரப்பு முறைகளுக்கான ஒரு சுவிட்ச் இருக்கும். நம் ஊர் டிவிக்குப் பால் (PAL). மாறி இருந்தால் படம் கறுப்பு வெள்ளையாகத் தெரியும், அல்லது மேலும் கீழுமாக உருளும். டிவி கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துத் திருப்பி அனுப்புகிறவர்கள் பலர் இந்தச் சுவிட்சைத்தான் தவற விட்டிருப்பார்கள். டயனோரா, சாலிடேர் காலத்துப் பெட்டிகளில் ஏ.வி. துளை இருக்காது, ஆன்டெனாத் துளை மட்டும்தான். அதற்கு, படத்தை ஆன்டெனா சமிக்ஞையாக மாற்றித் தரும் ஆர்.எஃப். மாடுலேட்டர் வேண்டும். மாடுலேட்டர் எந்தச் சேனலில் அனுப்புகிறதோ அந்த எண்ணுக்கு டிவியின் டியூனரை மெதுவாகத் திருப்பிப் பிடியுங்கள்.

சில கட்டண ஓடிடி செயலிகள் இந்த மாற்றிகள் வழியாகப் படம் காட்டாது. ஒலி மட்டும் வரும், திரை கறுப்பாக இருக்கும். அது நகல் தடுப்பு ஏற்பாடு. சொந்தக் கோப்புகளுக்கும் டிவிடிக்கும் இந்தச் சிக்கல் வராது.

மூலையில் பச்சையும் ஊதாவுமாகக் கறை தெரிந்தால் அருகில் ஸ்பீக்கர் இருக்கிறதா பாருங்கள். இரண்டடி தள்ளி வைத்து, டிவியை அணைத்து அரை மணி ஆறவிட்டுப் போடுங்கள். குளிர்ந்த நிலையில் போடும்போதுதான் உள்ளே இருக்கும் காந்த நீக்கச் சுருள் முழுதாக வேலை செய்யும். உடனுக்குடன் அணைத்துப் போட்டால் பயனில்லை.

பழைய படங்களில் எல்லோரும் குண்டாகத் தெரிகிறார்களே?

4:3 அளவில் எடுத்ததை 16:9 அகலத்துக்கு இழுத்துவிட்டார்கள். இது கண்ணை உறுத்தாமல் பழகிவிட்டவர்கள்கூட ஒருமுறை சரியான அளவில் பார்த்த பிறகு பழையபடி பார்க்க மாட்டார்கள். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 1973-ல் வந்த 'ராஜராஜ சோழன்'. அதற்கு முந்தைய படம் எதுவானாலும் திரை முழுக்க அகலமாகப் பரவியிருந்தால், ஒன்று இழுக்கப்பட்டிருக்கும், இல்லையென்றால் மேலும் கீழும் வெட்டப்பட்டிருக்கும். இழுத்ததைச் சரிசெய்யலாம்: கணினியில் வி.எல்.சி. பிளேயரின் வீடியோ பட்டியலில் அளவு விகிதத்தை 4:3 என்று மாற்றுங்கள், டிவியிலும் அதே பெயரில் அமைப்பு இருக்கும். தலை வெட்டுப்பட்டதைச் சரிசெய்ய வழியில்லை. வேறு பிரதி தேடுங்கள்.

டேப் ரிக்கார்டர் சுற்றுகிறது, ஆனால் பாட்டு இழுக்கிறது. அல்லது நாடாவைத் தின்கிறது. என்ன செய்வது?

இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே காரணம்: பெல்ட். மோட்டாரிலிருந்து விசையைக் கொண்டுபோகும் ரப்பர் வளையம் தளர்ந்தால் வேகம் ஏறி இறங்கும், குரல் நடுங்கும். நாடாவை வாங்கிச் சுற்ற வேண்டிய வலது பக்கச் சக்கரத்துக்கு விசை போகாவிட்டால், ஒலியைப் படிக்கும் தலையை (ஹெட்) தாண்டி வரும் நாடா போக இடமில்லாமல் ரப்பர் உருளையைச் சுற்றிக்கொள்ளும். அதுதான் தின்பது.

முதலில் கேசட் போடாமல் பிளே பொத்தானை அழுத்திப் பாருங்கள். வலது சக்கரம் ஒரே சீராகச் சுற்ற வேண்டும். விரலால் லேசாகப் பிடித்தால் நழுவி நிற்க வேண்டும், விட்டதும் உடனே சுற்ற வேண்டும். விட்டும் தயங்கினால் பெல்ட் மாற்றியாக வேண்டும். சில பெட்டிகளில் பெல்ட் தார் போல உருகி ஒட்டியிருக்கும். அதைச் சக்கரங்களிலிருந்து ஆல்கஹால் தொட்ட துணியால் முழுக்கத் துடைத்தெடுத்த பிறகே புதியதை மாட்ட வேண்டும். கையில் பட்டால் கறை எளிதில் போகாது, கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

புது பெல்ட் வாங்கப் பழைய பெல்ட்டை அளக்காதீர்கள், அது நீண்டு போயிருக்கும். பெல்ட் போகும் பாதையில் ஒரு நூலைச் சுற்றி நீளத்தை அளந்து, அதிலிருந்து ஐந்து சதவீதம் குறைத்து வாங்குங்கள். மிகவும் இறுக்கமாகப் போட்டால் மோட்டாரின் பேரிங் தேய்ந்து இரையத் தொடங்கும். சென்னையில் ரிச்சி தெருவில் பல அளவுகளில் கிடைக்கும். தட்டையா, சதுரமா என்பதையும் பார்த்து வாங்குங்கள்.

பெல்ட் மாற்றியதும் சுத்தம் செய்யுங்கள். 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு, தலையையும் அதன் பக்கத்திலுள்ள இரும்புத் தண்டையும் குச்சியில் பழுப்பு நிறம் வருவது நிற்கும்வரை துடைக்க வேண்டும். ரப்பர் உருளைக்குச் சோப்பு நீர் தொட்ட குச்சி போதும், கடைசியில் வெறும் நீர். சென்டு, ஸ்பிரிட் என்று கையில் கிடைத்ததைப் போடாதீர்கள், எண்ணெய்ப் படலம் தங்கிவிடும்.

வேகம் சரியா என்று பார்க்கப் பரிசோதனைக் கேசட் தேவையில்லை. ஒரு பாட்டைக் கேசட்டிலும் போனிலும் ஒரே இடத்தில் தொடங்குங்கள். மூன்று நிமிடத்தில் கேசட் ஐந்து வினாடி பின்தங்கினால் ஏறத்தாழ 3 சதவீதம் மெதுவாக ஓடுகிறது. பல மோட்டார்களின் பின்பக்கத் துளைக்குள் சின்னத் திருகு இருக்கும், அதைச் சிறிது சிறிதாகத் திருப்பிச் சரிசெய்யலாம்.

இவ்வளவும் செய்த பிறகு பாட்டு போர்வைக்குள்ளிருந்து வருவது போல் மந்தமாக இருந்தால், தலையின் பக்கத்தில் ஸ்பிரிங்குடன் இருக்கும் திருகைப் பாருங்கள். பாட்டு ஓடும்போதே அதைக் கால் சுற்றுக்குள்ளாக இப்படியும் அப்படியும் திருப்பி, ஜால்ராவும் சலங்கையும் மிகத் தெளிவாகக் கேட்கும் இடத்தில் விடுங்கள். எல்லாச் சோதனையையும் போனால் போகட்டும் என்ற கேசட்டில் செய்யுங்கள்.

கேசட்டிலேயே கோளாறு என்றால்?

பல வருடம் கிடந்த கேசட்டை ஓட்டும் முன் முழுக்க ஒருமுறை முன்னோக்கியும் பின்னோக்கியும் சுற்றிவிடுங்கள். அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் பிரியும். இறுகியிருப்பது தெரிந்தால் கருவியில் போடாமல் ஆறுபட்டைப் பென்சிலால் மெதுவாகச் சுற்றுங்கள்.

ஒலி மிக மெலிதாகவும் விட்டுவிட்டும் வந்தால் நாடாவைத் தலையோடு அழுத்தும் சின்னப் பஞ்சுத்தகடு உதிர்ந்திருக்கும். பழைய வேண்டாத கேசட்டிலிருந்து எடுத்துப் பொருத்தலாம். திருகு போட்ட கேசட் என்றால் எளிது. ஒட்டி மூடிய கேசட்டை ஓரத்தில் பிளந்து, நாடாச் சுருள் இரண்டையும் திருகு போட்ட வேறு கூட்டுக்கு மாற்ற வேண்டும். நாடா அறுந்திருந்தால் அதற்கென விற்கும் ஒட்டு நாடாவைப் பளபளப்பில்லாத வெளிப்புறத்தில் ஒட்டுங்கள் என்று சிலர் சொல்வார்கள். கேசட்டில் பளபளப்பை வைத்துப் பக்கத்தை முடிவு செய்வது தவறு, பல நாடாக்களில் தலை தொடும் பக்கமே பளபளக்கும். பஞ்சுத்தகடு எந்தப் பக்கம் தொடுகிறதோ அந்தப் பக்கம்தான் ஒட்ட வேண்டும். செல்லோ டேப் வேண்டவே வேண்டாம். வெயிலில் அதன் பசை கசிந்து அடுத்த சுற்றையும் ஒட்டிவிடும், தலையையும் கெடுக்கும்.

வெள்ளைப் பொடி போலப் பூஞ்சை தெரியும் கேசட்டைத் தனிப் பையில் போட்டு விலக்கி வையுங்கள். அதை ஓட்டினால் தலைவழியாக மற்ற கேசட்டுகளுக்கும் பரவும்.

கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பாட்டுப் பதிந்து வாங்கியது போல வீட்டில் செய்யலாமா?

இந்தக் கோடையில் குழந்தைகளுக்குக் கொடுக்க இதைவிட நல்ல வேலை கிடையாது. 60 நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு 30 நிமிடம். பாட்டுக்குச் சராசரி நாலரை நிமிடம் என்றால் ஆறு பாட்டு, சுமார் 27 நிமிடம். மிச்ச மூன்று நிமிடத்தில் ஏழாவதைத் திணித்தால் சரணத்தில் அறுபடும். அந்த இடத்துக்கு ஒரு வாத்திய இசையோ வானொலி அறிவிப்பு போல வீட்டார் ஒருவரின் குரலோ வைக்கலாம். 90-க்கு மேற்பட்டதை வாங்க வேண்டாம். நாடா மெலிதாக இருப்பதால் பழைய கருவியில் சீக்கிரம் சிக்கும்.

கேசட் தொடக்கத்தில் ஐந்தாறு வினாடிக்கு ஒலி ஏறாத வெற்று நாடா வரும். அது கடந்த பிறகு பதியுங்கள். ரெக்கார்டு பொத்தான் அழுந்தவில்லை என்றால் கேசட்டின் முதுகில் உள்ள சின்னத் தகடு உடைக்கப்பட்டிருக்கும், அந்தப் பள்ளத்தை ஒட்டு நாடாவால் மூடினால் பதியும். பட்டியலைக் கையால் எழுதி உறைக்குள் வைக்கச் சொல்லுங்கள்.

எதிர்த்திசையில், கேசட்டைக் கணினிக்குக் கொண்டுவர, யூ.எஸ்.பி. ஒலி இணைப்புப் பெட்டியின் லைன் துளையில் கொடுங்கள். மைக் துளையில் கொடுத்தால் ஒலி கரகரக்கும். ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் உச்ச ஒலி மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பாருங்கள். சிடி தரத்தில் நிமிடத்துக்கு 10 எம்.பி. ஆகும். ஒரு கேசட்டுக்கு 600 எம்.பி.

இசைத்தட்டு விஷயத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் வேகம்: பெரிய எல்.பி. 33⅓, சின்னத் தட்டு பெரும்பாலும் 45, அரக்கில் செய்த பழைய தட்டு 78. அரக்குத் தட்டுக்கு ஊசியே வேறு. அதன் பள்ளம் அகலமானது. எல்.பி. ஊசியைப் போட்டால் அடியில் உரசி இரைச்சல்தான் வரும். அரக்குத் தட்டை ஆல்கஹாலால் துடைக்கவே கூடாது, அரக்கு ஆல்கஹாலில் கரையும். வினைல் தட்டுக்குக் காய்ச்சி வடித்த நீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம், மென்மையான துணி, பள்ளத்தின் வழியே வட்டமாகத் துடைப்பது, நடுத் தாளில் ஈரம் படாமல் பார்ப்பது, அவ்வளவுதான்.

புதிதாக வாங்குவதானால் பெட்டி வடிவில் மலிவாக வரும் பிளேயர்களைத் தவிருங்கள். பலவற்றில் ஊசியின் எடையைச் சரிசெய்ய வழியே இல்லை, தட்டு சீக்கிரம் தேயும். காந்தக் கார்ட்ரிட்ஜுக்கு (ஊசியைத் தாங்கும் பகுதி) வழக்கமாக 1.5 முதல் 2.5 கிராம் எடை. அதற்கு ஃபோனோ முன்பெருக்கியும் வேண்டும். நேரடியாக ஆம்பிளிஃபயரில் கொடுத்தால் ஒலி மெலிந்து, கீழ்ச்சுருதியே இல்லாமல் கேட்கும்.

மே மாதத்தில் தட்டுகளைக் காரில் விட்டுவிட்டு இறங்காதீர்கள். பத்து நிமிட வேலை என்று போய் வந்தால் அப்பளமாக வளைந்திருக்கும்.

வீடியோ கேசட், டெக்?

டெக்கின் சுழலும் உருளையில்தான் உயிர் இருக்கிறது. அதைச் சுத்தம் செய்யப் பஞ்சுக் குச்சியைப் பயன்படுத்தினால் இழை மாட்டித் தலை உடையும். வெள்ளைத் தாள் துண்டை ஆல்கஹாலில் நனைத்து, உருளையின் பக்கத்தில் அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் உருளையின் மேற்பகுதியை மெதுவாகச் சுற்றுங்கள். மேலும் கீழுமாகத் தேய்க்கக் கூடாது. பிளக்கை எடுத்துவிட்டுத்தான் இதெல்லாம்.

ஏசி அறையில் இருந்த கேசட்டையோ டெக்கையோ வெப்பமான அறைக்குக் கொண்டுவந்தால் இரண்டு மணி நேரம் சும்மா வையுங்கள். உருளையில் நீர் பூத்திருந்தால் நாடா ஒட்டிக்கொண்டு சுற்றிவிடும். படத்தில் கோடுகள் ஓடினால் முதலில் டிராக்கிங் பொத்தானைத் திருகுங்கள். அதற்கும் போகாவிட்டால் பிறகு சுத்தம்.

கணினியில் பதிவு செய்யும்போது மூன்று மணி நேரக் கேசட்டுக்கு மூன்று மணி நேரம் ஆகும், குறுக்கு வழி கிடையாது. பால் (PAL), 720-க்கு 576, வினாடிக்கு 25 சட்டம் (ஃபிரேம்) என்று அமையுங்கள். பதிவில் போகப் போக உதடும் குரலும் பொருந்தாமல் போனால், பழைய நாடாவின் நிலையற்ற சமிக்ஞையால் சட்டங்கள் விடுபடுகின்றன என்று பொருள். டெக்குக்கும் கணினிக்கும் நடுவில் ஒரு பழைய டிவிடி ரெக்கார்டரை வைத்து அதன் வழியாக அனுப்பினால் பல சமயம் சரியாகும்.

ரேடியோவுக்கும் இடம் உண்டா?

கட்டாயம். காலை நேரத்தை ரேடியோவுக்குக் கொடுங்கள். விவித பாரதி 1957 அக்டோபர் 3-ல் தொடங்கியது, இன்றும் இருக்கிறது. சென்னையில் மத்திய அலை 720 கிலோஹெர்ட்ஸில் ஆகாசவாணியைப் பிடிக்கலாம். பகலில் இரைச்சல் மட்டுமே வந்தால் வீட்டிலுள்ள எல்.இ.டி. பல்பு, போன் சார்ஜர், இன்வெர்ட்டர் ஆகியவற்றை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள், குற்றவாளி அகப்படும். ரேடியோவைக் கிடைமட்டமாகச் சுழற்றுங்கள். உள்ளே இருக்கும் ஃபெரைட் கம்பி நிலையத்தின் திசைக்குக் குறுக்காக வரும்போது ஒலி உயரும். சூரியன் மறைந்த பிறகு தொலைதூர நிலையங்கள் கேட்கத் தொடங்கும். பகலில் ஊமையாக இருந்த முள்ளில் இரவில் வேறு மொழி பேசுவதைக் கேட்பது குழந்தைகளுக்குப் பெரிய வியப்பு.

இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவைதான் தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையின் காதுகளைப் பழக்கியது. அங்கே ஒலித்த மயில்வாகனம், பி.எச். அப்துல் ஹமீது போன்றோரின் உச்சரிப்பு இன்றும் பேச்சில் வருகிறது. 'பாட்டுக்குப் பாட்டு' விளையாட்டை மின்வெட்டு இரவுக்கென்று ஒதுக்குங்கள். பாட்டின் கடைசி எழுத்தில் இல்லாமல், நடத்துகிறவர் சொல்லும் எழுத்தில் தொடங்க வேண்டும் என்று வைத்தால் வீட்டுப் பெரியவர்கள் எளிதாகத் தோற்க மாட்டார்கள்.

மொட்டை மாடியில் படம் போட என்னென்ன வேண்டும்?

முதலில் நேரக் கணக்கு. மே நடுவில் சென்னையில் சூரியன் மறைவது மாலை ஆறரை மணியளவில். திரை தெளிவாகத் தெரிய ஏழேகால் ஆகும். திறந்த வெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். கையில் இருப்பது இரண்டே முக்கால் மணி நேரம், இடைவேளைக்குப் பதினைந்து நிமிடம் போனால் இரண்டரை. அந்தக் காலப் படங்கள் பல இதைத் தாண்டும். நீளமான படத்தை இரண்டு இரவாகப் பிரித்து, இடைவேளையோடு முதல் நாளை முடிப்பது நல்ல வழி. கதை எப்படிப் போகும் என்ற பேச்சு மறுநாள் முழுக்க ஓடும்.

திரைக்கு எட்டு முழ வேட்டி ஒன்று போதாது. 100 அங்குலத் திரைக்கு 4:3 அளவில் 80 அங்குல அகலமும் 60 அங்குல உயரமும் வேண்டும். வேட்டியின் உயரம் சுமார் 50 அங்குலம்தான். இரண்டை நீளவாக்கில் தைத்து மிச்சத்தை மடித்துவிடுங்கள். பின்னால் ஒரு கறுப்புத் துணி கட்டினால் ஒளி ஊடுருவிப் போகாது, படம் அடர்த்தியாகும். அடியில் ஒரு கம்பு கோத்து இரு முனையையும் கட்டாவிட்டால் கடற்காற்றில் கதாநாயகி நெளிவாள்.

புரொஜெக்டர் வாங்கும்போதோ வாடகைக்கு எடுக்கும்போதோ வெளிச்சத்தின் அளவான ஆன்சி லுமன் எவ்வளவு என்று கேளுங்கள். இந்த அளவுத் திரைக்கு மாடியில் 2,000 இருந்தால் நிம்மதி. வெறும் 'லுமன்' என்று அட்டையில் போட்டிருக்கும் பெரிய எண்ணை நம்பாதீர்கள். மின்வெட்டுக்கு 150 ஆம்பியர்-அவர் பேட்டரியுள்ள இன்வெர்ட்டர் 250 வாட் புரொஜெக்டரை மூன்று மணி நேரத்துக்கு மேல் தாங்கும். சைன் அலை இன்வெர்ட்டராக இருக்கட்டும். மற்ற வகையில் ஸ்பீக்கரில் இரைச்சல் வரும். கோடை மழைக்கு அடுத்த நாள் ஈசல் கூட்டம் வெளிச்சத்துக்கு வரும், அன்று படத்தைக் கூடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

எந்தப் படங்களைப் போடலாம்?

முதல் இரவு சிரிப்புப் படமாக இருக்கட்டும். 1964-ல் ஸ்ரீதர் இயக்கி வண்ணத்தில் வந்த 'காதலிக்க நேரமில்லை' இன்றைய பிள்ளைகளையும் பிடித்து வைக்கும். அண்டை வீட்டார் வேறு மொழிக்காரர்கள் என்றால் வசனமே இல்லாத 'பேசும் படம்' (1987). பாட்டியோ தாத்தாவோ திரையரங்கில் பார்த்த படம் ஒன்றைக் கடைசி வாரத்துக்கு வையுங்கள். எந்தத் தியேட்டர், என்ன டிக்கெட், யாரோடு போனார்கள் என்பதை இடைவேளையில் அவர்களையே சொல்ல விடுங்கள். சோகப் படங்களை அடுத்தடுத்து போட வேண்டாம். பலர் செய்யும் தவறு அது.

மாடியில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்ட உரிமை வேண்டுமா?

வீட்டார் உறவினரோடு பார்ப்பதில் சிக்கல் இல்லை. டிக்கெட் வசூலித்தாலோ பொதுமக்களுக்குத் திறந்துவிட்டாலோ உரிமையாளரின் அனுமதி வேண்டும். ஓடிடி சந்தா வீட்டுப் பயன்பாட்டுக்கு மட்டும்தான். இந்தியச் சட்டப்படி ஒரு படத்தின் காப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு. 1964 படத்துக்கு 2024 இறுதியோடு முடிந்தது. ஆனால் பாட்டு வரிகளுக்கும் இசைக்கும் கணக்கு தனி: படைத்தவர் மறைந்த பிறகு 60 ஆண்டு. கண்ணதாசன் மறைந்தது 1981-ல் என்பதால் அவர் வரிகளுக்கு 2041 வரை உரிமை உண்டு. பழைய படம் என்பதால் எல்லாம் இலவசம் என்று எண்ணிப் பெரிய கூட்டம் சேர்க்காதீர்கள்.

கோடை முடிந்ததும் எல்லாவற்றையும் எப்படி எடுத்து வைப்பது?

ரேடியோ, டூ இன் ஒன், ரிமோட் எல்லாவற்றிலும் பேட்டரியைக் கழற்றுங்கள். இந்த ஒன்றை மறந்ததால்தான் நிறைய கருவிகள் அடுத்த வருடம் உயிர்பெறுவதில்லை. பிளே பொத்தான் அழுந்திய நிலையில் விட்டால் ரப்பர் உருளையில் பள்ளம் விழும், நிறுத்தப் பொத்தானை அழுத்திவிட்டு வையுங்கள். கேசட்டுகளை ஒரு முனைக்கு முழுதாகச் சுற்றி, பெட்டியில் நிமிர்த்தி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடுங்கள். இசைத்தட்டுகளைப் படுக்கை வசமாக அடுக்காதீர்கள். பரணுக்குப் பதிலாக அலமாரியின் கீழ்த்தட்டு நல்லது, ஓட்டுக்கடியிலும் கான்கிரீட்டுக்கடியிலும் சூடு ஏறும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை டேப் ரிக்கார்டரைப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். ஓடிக்கொண்டிருந்தால்தான் பெல்ட் ஒரே இடத்தில் வளைந்து படியாது.